அடைப்பான் கிருமியும் அதன் பங்காளிகளும்

மேய்ந்துவிட்டு வந்து கட்டுத்தறியில் நின்ற மாடு, பொழுது விடிவதற்குள் கால் விறைத்துக் கிடந்தால், எங்கள் வடாற்காட்டுப் பக்கத்தில் முதலில் வாயில் வரும் சொல் 'அடைப்பான்'. தொண்டை வீங்கி, மூச்சு இழுத்து இழுத்துச் செத்தாலும் அதே சொல்தான். முன்னால் 'தொண்டை' என்று சேர்த்துக்கொள்வார்கள். சில நேரம் அதையும் விட்டுவிடுவார்கள். பெயரைக் கேட்டால் இரண்டும் அண்ணன் தம்பி போலத் தோன்றும். கிருமியைப் பார்த்தால் கிட்டத்து உறவே கிடையாது. தொண்டை அடைப்பானைக் கொண்டுவருவது பாஸ்டுரெல்லா என்ற பாக்டீரியா. வெறும் அடைப்பானைக் கொண்டுவருவது பேசில்லஸ் ஆந்த்ராசிஸ். செய்தித்தாளில் 'ஆந்த்ராக்ஸ்' என்று படிப்பது இந்த இரண்டாவதைத்தான்.

ஆந்த்ராசிஸின் உண்மையான பங்காளிகள் வேறு இடத்தில் இருக்கிறார்கள். ஒருவர் நம் அடுப்படியில், இரவெல்லாம் வெளியே வைத்த சோற்றுக்குள். இன்னொருவர் பருத்திக் காட்டில், காய்ப்புழுவைக் கொல்லும் வேலையில். மூன்று பேருக்கும் மரபணுவில் அவ்வளவு நெருக்கம். ஒருவர் மாட்டை ஓர் இரவில் சாய்க்கிறார், ஒருவர் வாந்தியோடு விட்டுவிடுகிறார், ஒருவர் மனிதரைத் திரும்பியும் பார்ப்பதில்லை. இந்த வித்தியாசத்தின் பெரும்பகுதி நொதிகளில், அதாவது என்சைம்களில், இருக்கிறது.

நான் வேலூரில் ஒரு கல்லூரியில் நுண்ணுயிரியல் சொல்லிக்கொடுப்பவள். ஒவ்வோர் ஆண்டும் புதுப் பிள்ளைகள் இரண்டு தப்பான எண்ணங்களோடு வந்து உட்காருவார்கள். நொதி என்றால் ஏதோ உயிருள்ள நல்ல கிருமி என்பது ஒன்று. எலுமிச்சைத் தோலையும் வெல்லத்தையும் ஊறவைத்த தரை துடைக்கும் தண்ணீரை 'பயோ என்சைம்' என்று விற்பதிலிருந்து வந்த குழப்பம் அது. 'மரபணு இருக்கு மேடம், அப்போ நொதியும் இருக்கும்தானே?' என்பது இன்னொன்று. படித்தவர்களும் இந்த இரண்டாவதில்தான் சறுக்குகிறார்கள். இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததும் அதற்காகத்தான்.

வாயில் போட்ட வெறும் சோறு

ஒரு கவளம் வெறும் சோற்றை, குழம்பு ஊற்றாமல், இரண்டு நிமிடம் விழுங்காமல் மென்று பாருங்கள். மெல்ல மெல்ல இனிக்கும். சர்க்கரை யாரும் போடவில்லை. சோற்றில் இருக்கும் மாவுச்சத்து நீளமான சங்கிலி. எச்சிலில் இருக்கும் அமைலேஸ் என்ற புரதம் அந்தச் சங்கிலியைத் துண்டு துண்டாக வெட்டுகிறது. துண்டுகள் சர்க்கரை வகை, அதனால்தான் இனிப்பு.

முற்றிய ஆட்டுக்கறி வந்துவிட்டால் பப்பாளிக்காயை அரைத்துத் தடவி வைப்போமே, அதுவும் இதே கதைதான். பப்பாளிப் பாலில் இருக்கும் பப்பேன் என்ற நொதி கறியின் புரதத்தை வெட்டுகிறது. காயை அம்மியில் வைத்து நசுக்கிக் கூழாக்கிய பிறகும் வேலை நடக்கிறது என்பதைக் கவனியுங்கள். உயிர் போன பிறகும் நொதி வேலை செய்யும், ஏனென்றால் நொதி உயிரில்லை. ஜெர்மனியில் எடுவார்ட் புக்னர் 1897-இல் இதைத் தெளிவாகக் காட்டினார். ஈஸ்ட்டை மணலோடு சேர்த்து அரைத்து, செல் ஒன்றும் மிஞ்சாமல் சாற்றை மட்டும் பிழிந்து எடுத்தார். அந்தச் சாறு சர்க்கரையை நொதிக்க வைத்தது. அதற்காக 1907-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

ஆக, நொதி என்பது ஒரு வேதிவினையை வேகப்படுத்தி, தான் மட்டும் செலவாகாமல் மிஞ்சி நிற்கும் புரதம். அது எந்தப் பொருளின் மேல் வேலை செய்கிறதோ அதற்குத் தளப்பொருள் என்று பெயர்: எச்சிலுக்கு மாவுச்சத்து, பப்பாளிக்குக் கறிப் புரதம். நொதியின் உடம்பில் ஒரு சின்னப் பள்ளம் இருக்கும். தளப்பொருள் வந்து அதில் பொருந்தும். அந்தப் பள்ளத்துக்குச் செயல் மையம் என்று பெயர். பொருந்தாத பொருள் பக்கத்தில் எவ்வளவு கிடந்தாலும் நொதி தொடாது. அமைலேஸைக் கறியில் கொட்டினால் கறி மெத்தென்று ஆகாது.

இன்னும் ஒரு சொல் வேண்டும்: நொதிச் செயல்பாடு. எவ்வளவு நொதி இருக்கிறது என்பது இதற்குப் பொருள் இல்லை. இருக்கும் நொதி ஒரு நிமிடத்தில் எவ்வளவு தளப்பொருளை மாற்றுகிறது என்பதுதான் செயல்பாடு. பத்துப் பேர் வேலைக்கு வந்திருக்கிறார்கள் என்பதற்கும், சாயங்காலத்துக்குள் எத்தனை மூட்டை இறங்கியது என்பதற்கும் உள்ள வித்தியாசம் அது.

கட்டைவிரல் தடம்

நொதிச் செயல்பாட்டை நான் புத்தகத்தில் படிப்பதற்கு முன்பே கையால் தொட்டுப் பார்த்திருக்கிறேன். என் மாமா ராணிப்பேட்டையில் ஒரு டேனரியில், அதாவது தோல் பதனிடும் ஆலையில், டிரம் பார்த்துக்கொண்டிருந்தார். பள்ளிக்கூட விடுமுறையில் சோற்றுத் தூக்கு கொண்டுபோவேன். பச்சைத் தோலைச் சுண்ணாம்பில் ஊறவைத்து, மயிர் எடுத்து, சவ்வை வழித்த பிறகு 'பேட்டிங்' என்று ஒரு கட்டம் வரும். சுண்ணாம்பின் காரத்தைக் குறைத்து, வெதுவெதுப்பான தண்ணீரில் தோலைப் போட்டு, ஒரு பொடியைக் கொட்டி டிரம்மைச் சுற்றவிடுவார்கள். அந்தப் பொடி புரதம் வெட்டும் நொதி. தோலில் நாருக்கு நடுவே இருக்கும் தேவையில்லாத புரதத்தை அது தின்றுவிட்டால்தான் தோல் மெத்தென்று வரும்.

முக்கால் மணி ஆனதும் மாமா டிரம்மை நிறுத்தி ஒரு தோலை வெளியே இழுப்பார். வழுவழுவென்று பட்டுப் போல இருக்கும். கட்டைவிரலை அழுத்தி எடுப்பார். "இன்னாம்மா பாக்குற, நீயும் அமுக்கிப் பாரு. தடம் நின்னா ஆச்சு. திரும்பி எழும்பிச்சுன்னா இன்னும் ஆவல." என் விரல் தடம் ஒரு ரேகையோடு அப்படியே நின்றது. "போதும், இதுக்கு மேல உட்டா மூஞ்சி போயிடும்" என்பார். மூஞ்சி என்றால் தோலின் மேல்பக்கம். உடனே அடுத்த கட்டத்துக்கு உப்பும் அமிலமும் போவதோடு நொதியின் வேலை நின்றுவிடும்.

அந்தக் கட்டைவிரல் தடத்தில் மொத்தப் பாடமும் இருக்கிறது. அதே பொடிதான், அதே அளவுதான். தண்ணீர் ஆறினால் வேலை மந்தம். கொதித்தால் புரதத்தின் மடிப்பு குலைந்து செயல் மையமே போய்விடும். அமிலம் ஏறினால் நிற்கும். நேரம் கூடினால் சரக்கு நாசம். நொதி இருப்பது வேறு, நொதி வேலை செய்வது வேறு.

இந்தப் பேட்டிங்குக்குப் பழைய காலத்தில் நாய்ச் சாணமும் புறா எச்சமும் போட்டார்கள். அதில் வேலை செய்தது குடலிலிருந்தும் பாக்டீரியாவிலிருந்தும் வந்த நொதிதான் என்று கண்டுபிடித்து, விலங்கின் கணையத்து நொதியை 1907 வாக்கில் பொடியாக்கிக் கொடுத்தவர் ஓட்டோ ரோம் என்ற ஜெர்மானியர். இன்றைக்குப் பல டேனரிப் பொடிகள் பேசில்லஸ் வகைப் பாக்டீரியாக்களிலிருந்தே எடுக்கப்படுகின்றன. நோய் கொடுக்காத வகைகள்தான், ஆனால் ஆந்த்ராசிஸின் தூரத்துச் சொந்தம். தோலை மெத்தென்றாக்கும் கத்தரியும் உடம்பைக் கெடுக்கும் கத்தரியும் ஒரே பட்டறையில் அடித்தவை என்று மாமாவிடம் ஒருநாள் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அவர் சின்ன வயதில் வேலை பார்த்த இடத்தில் பச்சைத் தோல் தூக்கிய ஒருவருக்குக் கழுத்தில் கறுப்புப் புண் வந்ததைப் பார்த்தவர் அவர்.

பங்காளிகள் மூன்று பேர்

அந்தக் கறுப்புப் புண்தான் மனிதருக்கு வரும் அடைப்பானில் மிகப் பெரும்பான்மை. வலிக்காது. நடுவில் கரி போலக் கறுத்து, சுற்றி வீங்கியிருக்கும். ஆந்த்ராக்ஸ் என்ற பெயரே கிரேக்க மொழியில் கரியைக் குறிக்கும் சொல். ஆடு மாடு, தோல், மயிர், எலும்பு கையாள்பவர்களுக்குத்தான் அதிகம் வரும். காலத்தில் மருந்து கொடுத்தால் ஏறக்குறைய எல்லாரும் பிழைத்துக்கொள்வார்கள். விட்டுவிட்டால் ஐந்தில் ஒருவர் வரை இறக்கக்கூடும். தோல் தொழிலும் ஆட்டு மந்தையும் இவ்வளவு நெருக்கமாக இருக்கும் எங்கள் பகுதிக்கு இது தூரத்துச் செய்தி இல்லை. வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் மனித அடைப்பானைப் பற்றிப் பல ஆண்டுகளாக எழுதி வந்திருக்கிறார்கள்.

இரண்டாவது பங்காளி பேசில்லஸ் செரியஸ். மண்ணில் எங்கும் இருக்கும், அரிசியோடு வீட்டுக்குள் வரும். இந்தக் குடும்பத்துக்கே ஒரு சொத்து உண்டு: நெருக்கடி வந்தால் ஸ்போர் என்ற கெட்டி ஓட்டுக்குள் சுருங்கிக்கொள்ளும். சோறு கொதித்தாலும் ஸ்போர் சாகாது. சோறு ஆறி வெதுவெதுப்பாக மணிக்கணக்கில் கிடந்தால் ஓட்டை விட்டு வெளியே வந்து பெருகும். வாந்தி வரவைக்கும் ஒரு நஞ்சைச் சில வகைகள் சோற்றிலேயே செய்து வைத்துவிடும். அதை மறுபடி சூடாக்கினாலும் அழியாது. 'நல்லா கொதிக்க வச்சுட்டேன், ஒண்ணும் ஆகாது' என்ற நம்பிக்கை இந்த இடத்தில் மட்டும் பலிக்காது. மிஞ்சிய சோற்றைச் சீக்கிரம் ஆறவைத்து ஃபிரிட்ஜில் வைப்பதுதான் வழி.

மூன்றாவது பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ். 'பி.டி. பருத்தி'யில் வரும் பி.டி. இதன் சுருக்கம்தான். 1901-இல் ஜப்பானில் செத்த பட்டுப்புழுவில் முதலில் பார்த்தார்கள். பத்தாண்டு கழித்து ஜெர்மனியின் துரிங்கியா பகுதியில் மீண்டும் கண்டெடுத்து அந்த ஊர்ப் பெயரையே வைத்துவிட்டார்கள்.

நெருக்கம் எவ்வளவு என்றால், இந்த மூன்றையும் ஒரே இனமாகவே எண்ண வேண்டும் என்று நார்வே ஆய்வாளர்கள் 2000-இல் எழுதினார்கள். 2003-இல் ஆந்த்ராசிஸின் முழு மரபணுத் தொகுப்பும் செரியஸின் தொகுப்பும் படித்து முடிக்கப்பட்டன. அதில் பலரை அதிரவைத்த சங்கதி ஒன்று: செரியஸிடம் இருக்கும் பல தாக்குதல் நொதிகளுக்கான மரபணுக்கள் ஆந்த்ராசிஸிடமும் அப்படியே இருந்தன.

தட்டில் தெரிவது

கல்லூரியில் ஆந்த்ராசிஸை வளர்ப்பதில்லை, வளர்க்கவும் கூடாது. அதற்கென்று உயர் பாதுகாப்பு ஆய்வகங்கள் இருக்கின்றன. நாங்கள் செரியஸைத் தட்டில் வளர்த்து, பக்கத்தில் ஆந்த்ராசிஸின் படத்தை வைத்துப் பார்ப்போம்.

முதல் தட்டில் ஆட்டு ரத்தம் கலந்த ஜெல்லி, செக்கச்செவேலென்று இருக்கும். செரியஸைக் கோடு இழுத்து 37 டிகிரியில் ஓர் இரவு வைத்தால், மறுநாள் காலையில் கிருமி வளர்ந்த இடத்தைச் சுற்றிச் சிவப்பு போய்க் கண்ணாடி போல ஆகியிருக்கும். தட்டுக்குக் கீழே நாளிதழைப் பிடித்தால் எழுத்தைப் படிக்கலாம். ரத்த அணுவின் சவ்வை வெட்டும் நொதிகளும் அதில் துளை போடும் புரதங்களும் சேர்ந்து செய்த வேலை அது. ஆந்த்ராசிஸின் படத்தில் கிருமியைச் சுற்றிச் சிவப்பு சிவப்பாகவே இருக்கும்.

இரண்டாவது தட்டில் முட்டை மஞ்சள் கரு. அதில் லெசித்தின் என்ற கொழுப்புப் பொருள் உண்டு. செரியஸின் லெசித்தினேஸ் அதைப் பிளக்க, கிருமியைச் சுற்றித் தயிர் தெளித்தாற்போல வெள்ளை வளையம் விழும். ஆந்த்ராசிஸுக்கு அந்த வளையம் மெலிதாக, தயங்கித் தயங்கி வரும்.

மூன்றாவது சோதனை ஒரு துளி ஹைட்ரஜன் பெராக்சைடு. புண்ணில் ஊற்றினால் நுரைக்குமே, அதே மருந்து. நுரைப்பதற்குக் காரணம் கேட்டலேஸ் என்ற நொதி. அது பெராக்சைடைத் தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் பிரிக்கிறது. இதில் பங்காளிகள் மூவரும் ஒரே மாதிரி நுரைக்கிறார்கள், ஆகவே இவர்களைப் பிரித்தறிய உதவாது. ஆனால் மாட்டுக்குச் சப்பை நோய் கொடுக்கும் கிளாஸ்ட்ரிடியம் நுரைக்காது. ஒரு நொதிச் சோதனை குடும்பத்தைப் பிரிக்கும், இன்னொன்று குடும்பத்துக்குள் ஆளைப் பிரிக்கும். ஒரே சோதனையை வைத்துக்கொண்டு கிருமிக்குப் பெயர் சூட்டுவது, முகத்தைப் பார்க்காமல் செருப்பைப் பார்த்து ஆளைச் சொல்வது போன்றது.

இதுவரை வந்த பாதை இவ்வளவுதான்: நொதி ஒரு வெட்டும் கருவி, சூழல் பொருந்தினால்தான் வெட்டும், பங்காளிகளிடம் அந்தக் கருவிகளுக்கான மரபணுக்கள் பெரும்பாலும் ஒன்றுதான், ஆனால் தட்டில் வைத்துப் பார்த்தால் ஒருவர் வெட்டுகிறார், ஒருவர் வெட்டவில்லை. ஏன் வெட்டவில்லை?

மெயின் சுவிட்ச்

வீட்டில் மின்விசிறி, விளக்கு, மிக்ஸி எல்லாம் நன்றாக இருக்கின்றன. ஒன்றும் ஓடவில்லை. பழுது எதிலும் இல்லை. மெயினை இறக்கி வைத்திருக்கிறார்கள்.

செரியஸிடம் அப்படி ஒரு மெயின் சுவிட்ச் உண்டு. அதன் பெயர் பி.எல்.சி.ஆர். இதுவும் ஒரு புரதம்தான், ஆனால் நொதி இல்லை. நொதிகளின் மரபணுக்களை எழுப்பிவிடும் புரதம். கிருமிகள் ஒன்றிரண்டாக இருக்கும்போது சும்மா இருக்கும். கூட்டம் சேர்ந்ததும், ஒருவருக்கொருவர் விடும் ஒரு சிறு சமிக்ஞை மூலக்கூறு பெருகி இந்தச் சுவிட்சைத் தட்டும். உடனே பல பத்து மரபணுக்கள் ஒன்றாக விழிக்கும்: லெசித்தினேஸ், புரதம் வெட்டும் நொதிகள், குடல் நஞ்சுகள் எல்லாம் ஒரே நேரத்தில்.

ஆந்த்ராசிஸில் பி.எல்.சி.ஆர். மரபணு இருக்கிறது. ஆனால் நடுவில் ஒரே ஓர் எழுத்து மாறி, 'இங்கே நிறுத்து' என்ற கட்டளையாகிவிட்டது. புரதம் பாதியில் முறிந்து போகிறது. சுவிட்ச் இல்லை, ஆகவே அதை நம்பியிருந்த நொதிகளும் விழிப்பதில்லை. தட்டில் சிவப்பு சிவப்பாகவே நின்றதற்குக் காரணம் இந்த ஓர் எழுத்து. வகுப்பில் இதைச் சொல்லும்போதெல்லாம், எத்தனை ஆண்டு சொல்லியும், எனக்கே உடம்பு சிலிர்க்கிறது.

நொதிகளை இழந்த கிருமி எப்படிப் பங்காளிகளிலேயே கொடியதாக ஆனது? பிரான்ஸ் ஆய்வாளர்கள் 2001-இல் வெளியிட்ட முடிவு ஒரு துப்புக் கொடுக்கிறது. ஆந்த்ராசிஸுக்கு என்று தனியே வேறொரு சுவிட்ச் உண்டு. அதன் நஞ்சை எழுப்புவது அதுதான். இரண்டு சுவிட்சும் ஒரே செல்லில் ஓடினால் ஸ்போர் ஆவதில் தகராறு வருகிறது. மாடு செத்த பிறகு ஸ்போராகி மண்ணில் காத்திருப்பதுதான் இந்தக் கிருமியின் பிழைப்பே. அதற்கு இடைஞ்சலாக இருந்த பழைய சுவிட்ச் போனது அதற்கு இழப்பாக இல்லை. பழைய கத்தரிகளை எழுப்பிவிட்டாலும் அது எலிகளை இன்னும் அதிகமாகக் கொல்லவில்லை என்றும் அதே ஆய்வில் தெரிந்தது. நொதிகள் அதிகம் இருந்தால் கிருமி கொடியது என்று கணக்குப் போடுபவர்கள் இங்கே நின்று யோசிக்க வேண்டும்.

பெனிசிலின் விஷயத்திலும் இதே கதை. பெனிசிலினின் நடுவில் இருக்கும் வளையத்தை உடைக்கும் நொதிக்குப் பீட்டா-லாக்டமேஸ் என்று பெயர். ஒரே ஒரு நொதி மூலக்கூறு விநாடிக்கு நூற்றுக்கணக்கான பெனிசிலின் மூலக்கூறுகளை உடைத்துவிடும். செரியஸ் இதை நிறையச் சுரக்கும், பெனிசிலினுக்கு அசையாது. ஆந்த்ராசிஸிடமும் இப்படி இரண்டு மரபணுக்கள் இருக்கின்றன. ஆனால் பெரும்பாலான ஆந்த்ராசிஸ் அவற்றைப் போதிய அளவுக்கு எழுப்புவதில்லை, அதனால் பெனிசிலினுக்கு அடங்குகிறது. மரபணுப் பட்டியலை மட்டும் படித்த ஒருவர் 'எதிர்ப்புச் சக்தி உள்ள கிருமி' என்று எழுதிவிடுவார். தட்டில் மருந்து வில்லை வைத்துப் பார்த்தவர் வேறு எழுதுவார். உறங்கும் மரபணு எப்போதும் உறங்கும் என்று எந்த மருத்துவரும் நம்பி இருப்பதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வெகு சில வகைகளில் அது விழித்துமிருக்கிறது. அதனால்தான் தட்டில் வைத்துப் பார்க்கிறார்கள்.

நம் வீட்டுக் கத்தரியாலேயே

ஆந்த்ராசிஸ் புதிதாகக் கையில் எடுத்த ஆயுதங்களும் நொதிகள்தான். ஆனால் வேலை நடக்கும் இடம் மாறிவிட்டது.

பாக்டீரியாவின் முக்கிய மரபணுத் தொகுதிக்கு வெளியே, தனியாகச் சுற்றும் சின்ன டி.என்.ஏ. வளையத்துக்குப் பிளாஸ்மிட் என்று பெயர். ஆந்த்ராசிஸிடம் இரண்டு இருக்கின்றன. முதல் வளையத்தில் மூன்று புரதங்களுக்கான மரபணுக்கள். ஒன்று ஆள் ஏற்றும் வண்டி. மற்ற இரண்டும் அதில் ஏறி நம் செல்லுக்குள் போகும் நொதிகள்.

வண்டிப் புரதம் நம் செல்லின் மேல் வந்து ஒட்டும். ஒட்டிய நிலையில் அதற்கு ஒரு வாலும் உண்டு. அந்த வால் இருக்கும்வரை ஒன்றும் செய்ய முடியாது. வாலை வெட்டி எடுப்பது யார்? நம் செல்லின் மேலேயே இருக்கும் ஃப்யூரின் என்ற நொதி. நம் சொந்தப் புரதங்களைச் சீர்செய்ய நாம் வைத்திருக்கும் கத்தரி. அதுவே கிருமியின் வாலையும் வெட்டிக் கொடுத்துவிடுகிறது. வெட்டுப்பட்ட வண்டிகள் ஏழு சேர்ந்து வளையமாக நிற்கும். அந்த வளையத்தின் மேல் மற்ற இரண்டும் ஏறிக்கொள்ள, செல் அப்படியே உள்ளே விழுங்கிவிடும்.

உள்ளே போன இரண்டில் ஒன்று, செல்லின் ஆற்றல் நாணயமான ஏ.டி.பி.யை எடுத்து ஒரு சமிக்ஞைப் பொருளாக மாற்றித் தள்ளும். செல்லின் தண்ணீர்க் கணக்கு குலைந்து வீங்கும். கறுப்புப் புண்ணைச் சுற்றிப் பார்த்த வீக்கம் இதனுடையது. இந்த நொதி கிருமிக்குள் இருக்கும்வரை செயலற்றுக் கிடக்கிறது. அது விழிக்க நம் செல்லில் இருக்கும் கால்மோடுலின் என்ற புரதம் வந்து ஒட்ட வேண்டும். கிருமியிடம் கால்மோடுலின் கிடையாது. சாவியை நம் வீட்டில் வைத்துவிட்டுப் பூட்டை மட்டும் அனுப்பியது போல. கிருமியைத் தனியாக நசுக்கி, கால்மோடுலின் சேர்க்காமல் அளந்தால் செயல்பாடு ஏறக்குறைய இல்லை என்று வரும். நம் செல்லில் அளந்தால் வெள்ளமாக வரும். நொதிச் செயல்பாட்டை எங்கே அளந்தோம் என்று சொல்லாமல் எண்ணை மட்டும் சொன்னால் பயனில்லை என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

இன்னொரு நொதி, செல்லுக்குள் செய்தி கடத்தும் சில புரதங்களின் முனையைத் துண்டிக்கும் கத்தரி. டேனரிப் பொடி கண்ட புரதத்தையெல்லாம் வெட்டும். இது அப்படியில்லை; சில புரதங்கள், அதிலும் குறிப்பிட்ட இடம். அந்த ஒரு வெட்டு போதும், நோய் எதிர்ப்புச் செல்களுக்குள் தகவல் அறுந்துபோகிறது.

துரிஞ்சியென்சிஸின் கதையை இதன் பக்கத்தில் வையுங்கள். அதன் புரதம் படிகமாக, செயலற்றுத்தான் இருக்கும். புழு தின்றதும், புழுவின் காரமான குடலில் படிகம் கரையும். புழுவின் சொந்த நொதிகளே அதை வெட்டி விழிக்க வைக்கும். அது போய் ஒட்டுவதற்கான பிடிமானமும் புழுவின் குடலில் உண்டு. நம் இரைப்பையோ அமிலம், பிடிமானமும் கிடையாது. பங்காளிகள் இருவரும், தின்னப்படும் உயிரின் கத்தரியைக் கொண்டே தங்கள் ஆயுதத்தைத் தீட்டிக்கொள்கிறார்கள். யாருடைய கத்தரி என்பதில்தான் மாடும் புழுவும் பிரிகின்றன.

பெயர் தடுமாறும் இடம்

பிளாஸ்மிட் ஒட்டிக்கொண்டு வரும் சொத்து என்பதால் சில நேரம் கைமாறியும் இருக்கிறது. 1994-இல் அமெரிக்காவின் லூசியானாவில் கடும் நிமோனியாவோடு வந்த ஒருவரிடம் எடுத்த கிருமி, மற்ற எல்லா வகையிலும் செரியஸ்தான். ரத்தத் தட்டைக் கண்ணாடியாக்கியது. ஆனால் அதற்குள் ஆந்த்ராசிஸின் நஞ்சு வளையத்தைப் போலவே ஒன்று இருந்தது. பெயரை வைத்துக்கொண்டு நோயைச் சொல்லும் வழக்கம் அங்கே நின்றுபோனது. எந்த நொதி, எங்கே, எவ்வளவு வேலை செய்கிறது என்று கேட்காமல் இனிமேல் ஆகாது.

காதிலிருந்து ஒரு துளி

மாடு திடீரென்று செத்து, மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத கறுப்பு ரத்தம் கசிந்தால் அதை அறுக்கக் கூடாது, தோலை உரிக்கக் கூடாது. உடம்புக்குள் இருக்கும்வரை கிருமி ஸ்போர் ஆவதில்லை. காற்றுப் பட்டதும் ஆகும். ஸ்போர் ஆகிவிட்டால் ஆண்டுக்கணக்கில் அந்த மண்ணில் கிடக்கும். கால்நடை மருத்துவருக்குச் சொல்லி அனுப்ப வேண்டும். அவர் வயிற்றைக் கிழிக்க மாட்டார். காது ரத்தக்குழாயில் ஊசி நுனியால் குத்தி ஒரே ஒரு துளி எடுப்பார்.

அந்தத் துளியைக் கண்ணாடித் தகட்டில் இழுத்துக் காயவைத்து மெத்திலீன் புளூ சாயம் ஏற்றுவார்கள். நூறாண்டுக்கும் மேலான சோதனை இது. நுண்ணோக்கியில் நீலக் குச்சிகள் வரிசையாகத் தெரியும். ஆந்த்ராசிஸாக இருந்தால் ஒவ்வொரு குச்சியைச் சுற்றியும் இளஞ்சிவப்பாக ஒரு படலம் இருக்கும். இரண்டாவது பிளாஸ்மிட் செய்து கொடுத்த உறை அது. நம் உடம்பின் புரதங்கள் எல்லாம் இடக்கை வகை அமினோ அமிலத்தில் கட்டியவை. நம் நொதிகளின் செயல் மையமும் இடக்கைக்குத் தைத்த கையுறை. இந்த உறையைக் கிருமி வலக்கை வகை குளுட்டாமிக் அமிலத்தில் நெய்து வைத்திருக்கிறது. நம் கத்தரிகளில் அது பொருந்துவதில்லை. வெள்ளை அணுக்கள் சுற்றி வந்து பிடிக்கப் பார்த்தும் விழுங்க முடியாமல் போகிறது.

இந்த உறையைத் தொலைத்துவிட்ட ஒரு வகையைத்தான் மேக்ஸ் ஸ்டெர்ன் 1937-இல் தென்னாப்பிரிக்காவில் தடுப்பூசியாக்கினார். நஞ்சு கொஞ்சம் சுரக்கும், உடம்பு அதைப் பார்த்துக் கற்றுக்கொள்ளும். உறை இல்லாததால் வெள்ளை அணுக்கள் கிருமியைத் தின்று முடித்துவிடும். 1932-இல் தொடங்கிய ராணிப்பேட்டைக் கால்நடை நோய்த்தடுப்பு மருந்து நிலையம் அடைப்பான் தடுப்பூசி செய்யும் இடங்களில் ஒன்று. மாமா வேலை பார்த்த டேனரியிலிருந்து சைக்கிளில் போகும் தூரம்தான். மாடு செத்த பிறகு காதில் குத்துகிற ஊசியை விட, அடைப்பான் வந்துபோன ஊர்களில் ஆண்டுதோறும் முகாமில் போடுகிற அந்த ஊசிக்கு மாட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பது எளிது.